இளைய இளவரசன் இல்லாத திரைக்கதை

நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஐயா. குதிரைக்குக்கூடப் பெயர் வைத்துவிடுவார்கள். என் அண்ணன் எழுதிய மாயாஜால நாவலில் பதினேழு குதிரைகள். பதினேழுக்கும் பெயர், குணம், வம்சம் எல்லாம் உண்டு. "எழுதறவருக்கு மை மட்டும்தான் செலவு, படம் எடுக்கறவன் தீனி போடணுமே" என்று நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிப்பு இருமலாகும், இருமல் இழுப்பாகும். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஆஸ்துமா.

ஆயிரத்து நூறு பக்கத்தை நூற்றிருபது பக்கத் திரைக்கதையாக்கும் வேலை என்னுடையது. எட்டு மாதம் அண்ணன் வீட்டிலேயே தங்கிச் செய்தேன். அவர் எழுதும் அறையில் ஒரு சுவர் முழுக்க அட்டைகள், காட்சிக்கு ஒன்று. மூன்று சூனியக்காரிகளை ஒருத்தியாக்கினேன். கடலடி நகரத்தைக் கிணற்றுக்குள் இறக்கினேன். மனிதர்கள் கல்லாகும் இடத்தில் ஒரே ஒருவனின் விரல் நகம் சாம்பல் நிறமாவதைக் காட்டினால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவன் மனசே கட்டிக்கொள்ளும் என்றேன். அண்ணன் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

"நான் இருபது பக்கம் முட்டி மோதினதை நீ ஒரு நகத்துல முடிச்சிட்டியேடா" என்றார்.

எங்களுக்குள் பகை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது பொய்.

சிக்கல் ஒரே ஒரு பாத்திரத்தால்தான் வந்தது. நாவலில் அரசன் விஷக்காய்ச்சலில் கிடக்கிறான். வைத்தியனை அழைத்துவரத் தம்பியை அனுப்புகிறார்கள். இளைய இளவரசன் போகிற வழியில் கூத்தாடிகள் தீ விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறான். அரசன் பிழைக்கிறான், ஆனால் கால்கள் போய்விடுகின்றன. அதற்குப் பிறகு இரண்டு பாகம் முழுக்க அந்தத் தம்பி பல்லக்குக்குப் பின்னால் தலையைத் தொங்கப்போட்டு நடக்கிறான்.

நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் அப்படி ஒன்று நடந்தது. அண்ணனுக்கு இழுப்பு முற்றிவிட்டது, டாக்டரைக் கூட்டி வர அம்மா என்னை ஓடச் சொன்னார். முச்சந்தியில் ஒருவன் புறாவைக் காணாமல் போக்கி வித்தை காட்டிக்கொண்டிருந்தான். புறா திரும்பி வருமா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. "இவனை மட்டும் எதுக்கும் அனுப்பிடாதீங்க" என்று அம்மா முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அதற்கும் நான் திரைக்கதையிலிருந்து இளைய இளவரசனை வெட்டியதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். படம் இரண்டரை மணி நேரம். அவன் இல்லாவிட்டால் பதினான்கு நிமிடம் மிச்சம்.

டைரக்டர் உடனே ஒப்புக்கொண்டார். அண்ணன் மறுத்தார். திரைக்கதையில் அவர் கையெழுத்து விழாமல் படப்பிடிப்பைத் தொடங்க முடியாது என்பது ஒப்பந்தம். மூன்று வாரம் இழுபறி.

அன்று மத்தியானம் அண்ணி கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "தம்பி, அவருக்குக் காலையிலேர்ந்தே லேசா இழுக்குது. இழுப்புக்கு உறிஞ்சற பஃப் மேஜை மேலயே இருக்கு. வாதம் பண்ணி அவரைக் கிளப்பிவிட்டுடாதீங்க" என்றார்.

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க அண்ணி. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவர் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். அண்ணன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அவர் மேஜையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"அவன் இல்லாமலே கதை ஓடுதுண்ணா. ஒரு காட்சிகூட அவனால நகரல."

"மூணாவது பாகத்தைப் படிச்சியா?"

அது அப்போது அச்சாகவில்லை. கையெழுத்துப் பிரதியை இரண்டு மாதம் முன்பே எனக்குக் கொடுத்திருந்தார்.

"படத்துக்கு ரெண்டு பாகம்தானே."

"படிச்சிருந்தா வெட்டியிருக்க மாட்டே. பல்லக்குத் தூக்கறவங்க எல்லாம் ஓடிப்போனப்புறம், அண்ணனை முதுகுல சுமந்து மலை ஏறுறது அவன்தாண்டா. உன்னை நினைச்சுத்தான் எழுதினேன். உனக்குத் தெரியும்னு இருந்தேன்."

எழுதுகிறவர்கள் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் எதையாவது சொல்வார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. மலை ஏறினாலும் ஏறாவிட்டாலும், கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவன் வழியில் நின்றவன்தான், கடைசிவரைக்கும் அதைப் பார்த்துத்தான் சிரிப்பான் என்றேன்.

"யாருடா சிரிக்கிறா?" என்று அண்ணன் கேட்டார். கேட்கும்போதே இருமல் வந்துவிட்டது.

கை மேஜையைத் துழாவியது. "பஃப்" என்றார். நான் உடனே எழுந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸுக்கு ஏன் சொல்லவில்லை என்று விசாரணைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். அவர் அமைதியான பிறகு சொன்னேன். வந்தவர்கள் பஃபைப் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். உருண்டு போயிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். எழுதும் அறையிலிருந்து நிலைப்படி தாண்டி எப்படி உருளும் என்று கேட்டவர் அண்ணி ஒருவர்தான். அதையும் காரியமெல்லாம் முடிந்து, திரைக்கதையில் அண்ணனுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டார். படம் நன்றாக வந்திருக்கிறது. இளைய இளவரசன் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த இருபது நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள். தேடினேன், ஐயா. புத்தக அலமாரி, தலையணை உறை, சமையலறை டப்பாக்களுக்குப் பின்புறம், துவைக்கப் போட்ட துணி. ஒரு நொடி உட்காரவில்லை. அவர் பயந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அறையிலிருந்தும் "தேடிக்கிட்டே இருக்கேண்ணா" என்று குரல் கொடுத்தேன். இந்தத் தடவை நான் எங்கும் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை. பாசமில்லாதவன் அப்படித் தேடுவானா? என் சட்டைப் பை ஒன்றைத் தவிர, அந்த வீட்டில் நான் தேடாத இடமே இல்லை.