அஸ்தினாபுரத்தில் வெட்டிய பங்கர்

"பொம்மர்! படுங்கோ, படுங்கோ!"

கத்துவது நான். இரைச்சல் கூரைக்கு மேல் இறங்குகிறது. மகள் வதனியை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு வாசல் மண்ணில் குப்புற விழுகிறேன். குண்டு விழவில்லை. இரைச்சல் தாம்பரம் பக்கம் தேய்கிறது. தலையைத் தூக்கினால் பக்கத்து வீட்டு மேரி டீச்சர் கரண்டியோடு நிற்கிறார்.

"பயப்படாதீங்கம்மா. தாம்பரத்துல பசங்க ஓட்டிப் பழகுற பிளேன் அது. டெய்லி வரும்."

1990, நவம்பர். அஸ்தினாபுரம். மன்னாரில் நாலு பேர் படகேறினோம். மூன்று பேர் இறங்கினோம். கணவரின் தாய் நடுக்கடலில், ஹெலிகொப்டர் சுட்டதில் போனார்.

நன்றி கெட்டு எழுத மாட்டேன். அந்தத் தெரு எங்களைத் தாங்கியது. வீட்டுக்காரர் கோவிந்தன் அண்ணா அட்வான்ஸ் கேட்கவில்லை. டீச்சர் தன் சர்ச்சிலிருந்து அரிசியும் போர்வையும் கொண்டுவந்தார். வதனியைத் தன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிட்டார்.

ஆனால் வதனி தூங்கவில்லை. ஒவ்வொரு இரைச்சலுக்கும் எழுந்து அழுதாள். "பங்கர் எங்க, அப்பா?"

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு மாதிரி பங்கரும் உண்டு. பதுங்குகுழி. இங்கே அது தேவையில்லை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? கணவர் கொல்லையில் வெட்டத் தொடங்கினார். கடப்பாரை கொடுத்ததே கோவிந்தன் அண்ணாதான்.

"கொழந்த தூங்குனா சரி, செல்வா. ரொம்ப ஆழம் போவாதே, தண்ணி வந்துரும்."

டீச்சர் மோர் கொண்டுவந்தார். தென்னங்குற்றி அடுக்கி, மேலே மண் போட்டார்கள். அன்று மத்தியானமே வதனி உள்ளே படுத்துத் தூங்கினாள். நான் அழுதேன். இந்த ஊரில் பிழைத்துவிடுவோம் என்று நம்பினேன். பைத்தியக்காரி.

1991, மே. பெரும்புதூரில் குண்டு வெடித்து முன்னாள் பிரதமர் சாகிறார்; செய்தது எங்கள் நாட்டு ஆட்கள் என்று பேச்சு. மறுநாளே தெருவின் முகம் மாறுகிறது. யாரும் திட்டவில்லை. கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஜூன். காலை. ஜீப் சத்தம். பூட்ஸ் சத்தம். பங்கரின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே வதனியின் பாயும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்.

"இன்னாத்துக்குய்யா பள்ளம்? இதுல இன்னா பதுக்கி வச்சினு இருந்தே?"

பிள்ளை தூங்க என்றார் கணவர். எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? நான் கோவிந்தன் அண்ணாவைப் பார்த்தேன். அவர் ஜீப்பைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். வூட்ட வாடகைக்கு வுட்டேன், அவ்ளோதான்."

டீச்சர் வீட்டு ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

அவர்களைச் சபிக்க எனக்கு வாய் வரவில்லை. பயம் ஆளை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மன்னிக்கவும் இல்லை.

கணவரைச் சிறப்பு முகாமில் அடைத்தார்கள். வழக்கு இல்லை. ஆகவே விடுதலையும் இல்லை. 1993இல், அவருக்குக் காய்ச்சல் என்று எனக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உடம்புதான் இருந்தது.

போர் என்னிடமிருந்து எடுத்தவை: மன்னாரில் ஒரு வீடு, ஒரு தோணி. மாமியார், கடலில். கணவர், இந்தியாவில்.

மகள் வதனி. உயிரோடுதான் இருக்கிறாள், குரோம்பேட்டையில் வேலைக்குப் போகிறாள். தான் பங்கர் கேட்டு அழுததால்தான் அப்பா போனார் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அவளையும் சேர்த்து மூன்று பேர்.