இறாலுக்குப் பால் ஊற்றினோம்

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"நேத்து எங்க வூட்டு இறாலுக்குப் பால் ஊத்தினோம்பா."

"கொழம்புலயா?"

"சீ! கண்ணாடித் தொட்டியில பன்னெண்டு வளர்க்கிறோமே, நகத்தளவு சிவப்பு இறால், அது. காலையில ஒண்ணு அசையாம கெடந்துது. வூட்டுக்காரரு அழுதுக்கினே ரோஜாச் செடி பக்கத்துல பொதைச்சு, பாலும் ஊத்தினாரு."

"ஐயோ பாவம். எப்படிச் செத்துச்சாம்?"

"நான் கொசு மருந்து அடிச்சேனாம், அதனாலயாம். அதுக்கு ஒரே சண்டை. சாயந்திரம் எண்ணிப் பார்த்தா பன்னெண்டும் உசுரோட இருக்குது! ஒண்ணு மட்டும் இப்பதான் சாயத்துல முக்கி எடுத்தாப்ல பளபளன்னு பாசி மேய்ஞ்சிக்கினு இருக்குது."

"அப்போ பொதைச்சது?"

"அதோட தோலுபா. வளர வளர சட்டை மாதிரி கழட்டிப் போட்டுடுமாம்."

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நேரா தொட்டிகிட்ட போயி, 'உசுரோட இருக்கும்போதே உனக்குப் பால் ஊத்திட்டேனே, மன்னிச்சுக்கோ'ன்னு கேட்டாரு."

"நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷன்தான். கொசு மருந்துன்னு என்னைத் திட்டினாரே, அதுக்கு என்கிட்ட இன்னும் மன்னிப்பு கேக்கல."