பதினாலு பேருக்கு ஒரு நம்பர்

அருண்பாண்டி: ...ஃபாரத்துல கடைசியில இருந்த பட்டனை அமுக்குனீங்களா அக்கா?

மூக்கம்மாள்: அமுக்காமலா 'பதிவாகிவிட்டது'ன்னு பச்சை எழுத்து வந்துச்சு?

அருண்பாண்டி: பச்சையாத்தான் வந்துச்சா? சிவப்பா வரலையே...

மூக்கம்மாள்: தம்பி, ஏலக்காய் முத்துனதா பிஞ்சான்னு தடவியே சொல்லிருவேன். பச்சை எழுத்து தெரியாதா எனக்கு?

அருண்பாண்டி: கோவிச்சுக்காதீங்க. நான் செஞ்ச ஃபாரம்தான். தப்பைத் தேடுறப்ப மொதல்ல ஃபாரம் போட்டவங்களைச் சந்தேகப்படுறது எங்க பழக்கம்.

மூக்கம்மாள்: எங்க கங்காணிக்கும் அதே பழக்கந்தான்.

அருண்பாண்டி: ஞாயித்துக்கிழமை போட்டிருக்கீங்க. இன்னைக்கு வியாழன். ஏன் இத்தனை நாள் வரலை?

மூக்கம்மாள்: காலையில அஞ்சு மணிக்கு ராசிங்காபுரத்துல ஏலக்காட்டு வேலைக்கு ஜீப்பு ஏறுனா, திரும்பி வரப் பொழுது சாஞ்சிரும். அப்ப போடியில உங்க ஆபீசு பூட்டிக் கிடக்கும். லிஸ்ட்டுல என் பேரு இல்லைன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது, இன்னைக்குச் சோலியை விட்டுட்டு வந்திருக்கேன். அஞ்சு மணிக்கு லிஸ்ட்டு, படிப்பு நடத்துற டிரஸ்ட்டுக்குப் போயிருமாமே?

அருண்பாண்டி: ஆமா. டாண்ணு அஞ்சுக்கு அதுவாப் போயிரும்.

மூக்கம்மாள்: இப்ப மணி என்ன?

அருண்பாண்டி: மூணே கால்.

மூக்கம்மாள்: அப்ப வெரசாப் பாருங்க. நர்சுக்கு உதவியா இருக்குற படிப்பு. ஒரு வருசம், தங்குறது சாப்பாடு எல்லாம் அவுகளே. பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும், பண்ணிருக்கேன். முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்... அதுதான் ஆடியோட முடியுது. இந்தத் தடவை விட்டா அடுத்த வருசம் உங்க ஃபாரம் என்னைய உள்ளயே விடாது.

அருண்பாண்டி: சரி, ஒவ்வொண்ணாப் பார்ப்போம். நீங்க பட்டனை அமுக்குனதும் எழுதுனதெல்லாம் சர்வருக்குப் போகும்.

மூக்கம்மாள்: அது எது? இந்தா முணுமுணுக்குதே, இந்தப் பெட்டியா?

அருண்பாண்டி: இது வெறும் ஃபேன் சத்தம். சர்வர் பம்பாய்ல இருக்கு.

மூக்கம்மாள்: பம்பாய்லயா! போடிமெட்டு மலை ரோட்டு வளைவுல ஜீப்புக்குள்ள நசுங்கிக்கிட்டு அமுக்குனது பம்பாய்க்கா போச்சு? பின்ன என்ன, வழியில எங்கயாச்சும் விழுந்துருக்கும்.

அருண்பாண்டி: சிரிக்காதீங்க, மொதச் சந்தேகமே அதுதான். வந்து சேர்ந்துச்சா இல்லையா... வர்ற ஃபாரம் எல்லாம் வந்தபடியே ஒரு ஓரத்துல நேரத்தோட விழுகுற மாதிரி வச்சிருந்தேன். சோதிச்சுப் பார்க்க வச்சது. எடுக்க மறந்துட்டேன்.

மூக்கம்மாள்: மறந்ததுக்கு நான் கும்புடணும்போல.

அருண்பாண்டி: ஞாயிறு... சாயங்காலம்... இருங்க... மூக்கம்மாள், ராசிங்காபுரம், வயசு முப்பத்து நாலு. நாலு பத்துக்கு வந்திருக்கு!

மூக்கம்மாள்: வந்திருக்கா? அப்ப பம்பாய் மேல குத்தமில்ல.

அருண்பாண்டி: இல்ல. ரெண்டாவது... நீங்க எழுதுன ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு பேரு வச்சிருப்போம். நான் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணுன்னு வச்சிருந்தா, வந்து நின்னாலும் புரோகிராமுக்குக் கண்ணு தெரியாது.

மூக்கம்மாள்: அப்படி வச்சிருக்கீங்களா?

அருண்பாண்டி: ...இல்ல. சரியாத்தான் இருக்கு.

மூக்கம்மாள்: அப்புறம்?

அருண்பாண்டி: அப்புறம் லிஸ்ட்டுல எழுதணும். எழுதிட்டேன்னும் சொல்லுது. பச்சை எழுத்து அதுக்குத்தான்.

மூக்கம்மாள்: வந்துச்சு, படிச்சுச்சு, எழுதுச்சு. ஆனா லிஸ்ட்டுல பேரு இல்ல.

அருண்பாண்டி: அதான் எனக்கும்... விசித்திரமா இருக்கு.

மூக்கம்மாள்: எழுதுனதை யாரோ அழிச்சிருக்காக.

அருண்பாண்டி: அக்கா, உள்ள போற சாவி என்கிட்ட மட்டுந்தான் இருக்கு.

மூக்கம்மாள்: நான் உங்களைச் சொன்னேனா? நீங்களே மொதல்ல வர்றீங்க!

அருண்பாண்டி: சரி, மறுபடி ஒரு தடவை போட்டுப் பார்த்துருவோம். உங்க போன் நம்பர் சொல்லுங்க.

மூக்கம்மாள்: என் நம்பரா? நான் போட்டது மலைச்சாமி அண்ணன் நம்பரு.

அருண்பாண்டி: அது யாரு? வீட்டுக்காரரா?

மூக்கம்மாள்: ஆத்தாடி! ஜீப்பு டிரைவரு. என் போன் வீட்டுல பிள்ளைக கையில இருக்கும். மேல காட்டுக்குள்ள சிக்னலும் கிடையாது. அவரு ரோட்டு மேல நிக்கிறவரு, எந்நேரமும் கிடைக்கும். ஆசுபத்திரியா இருந்தாலும் பள்ளிக்கூடமா இருந்தாலும் எங்க ஜீப்புல எல்லாரும் அவரு நம்பரைத்தான் கொடுப்போம்.

அருண்பாண்டி: எல்லாருமா?

மூக்கம்மாள்: பதினாலு பேரும். அன்னைக்கு அவரு போனுதான் முன் சீட்டுல இருந்து பின் சீட்டு வரைக்கும் கை மாறி வந்துச்சு. ஒருத்தி போட்டுட்டு அடுத்தவகிட்டக் கொடுத்தா.

அருண்பாண்டி: நம்பரைச் சொல்லுங்க... ம்... ம்...

மூக்கம்மாள்: என்ன, கை நின்னுருச்சு?

அருண்பாண்டி: ஒண்ணுமில்ல.

மூக்கம்மாள்: போட்டுப் பார்க்கலாம்னீங்க?

அருண்பாண்டி: வேணாம். போட்டா... இருக்குற ஒண்ணும் போயிரும். தப்பு தெரிஞ்சுபோச்சுக்கா.

மூக்கம்மாள்: என்னன்னு சொல்லுங்க.

அருண்பாண்டி: ஒரு நம்பருன்னா ஒரு ஆளுன்னு நினைச்சேன். ஏற்கெனவே உள்ள நம்பருல இன்னொரு ஃபாரம் வந்தா, அதே ஆளு திருத்தி அனுப்புறாங்கன்னு பழசை எடுத்துட்டு அந்த இடத்துல புதுசை எழுதச் சொல்லி வச்சிருக்கேன்.

மூக்கம்மாள்: அப்ப எனக்கு அடுத்து உக்காந்திருந்தவ என்னைய அழிச்சா. அவளை அவளுக்கு அடுத்தவ...

அருண்பாண்டி: கடைசியாப் போட்டவங்க மட்டும் லிஸ்ட்டுல இருக்காங்க.

மூக்கம்மாள்: யாரு அது?

அருண்பாண்டி: அதை... வெளியில சொல்லக் கூடாதுக்கா. அது ஒரு விதி.

மூக்கம்மாள்: சரி, கேக்கலை. ஆனா ஒண்ணு தம்பி, மலையில எடை போடுறப்ப ஜீப்பு நம்பரை எழுதி வச்சா பதினாலு சாக்குல ஒண்ணுதானே மிஞ்சும்? அதுக்குத்தான் சாக்குக்கு ஒரு சீட்டு. சீட்டுல உள்ள நம்பரு இன்னொண்ணுல வராது.

அருண்பாண்டி: அதேதான்... ஃபாரத்துக்கு ஒரு சீட்டு. நான் ஆளுக்கு ஒரு போன்னு நினைச்சுட்டேன்.

மூக்கம்மாள்: ஆபீசுக்குள்ள உக்காந்தே யோசிச்சிருப்பீங்க. மலையேறிப் பார்த்திருக்க மாட்டீங்க.

அருண்பாண்டி: ...நான் ஏறலை. அது வாஸ்தவம்.

மூக்கம்மாள்: அழிஞ்சது திரும்புமா?

அருண்பாண்டி: அந்த ஓரத்துல எல்லாம் இருக்கு. எண்ணிப் பார்க்கேன்... லிஸ்ட்டுல இருக்குறது பதினெட்டு பேரு. வந்து விழுந்தது... தொண்ணூத்தேழு.

மூக்கம்மாள்: தொண்ணூத்தேழா! அப்ப தேவாரத்து ஜீப்புகளும் எங்களை மாதிரியேதான்.

அருண்பாண்டி: அக்கா, ஒண்ணு சொல்றேன். படிப்புல இடம் இருபது. இப்ப பதினெட்டு பேருதான். அந்தப் பதினெட்டுக்கும் கண்டிப்பாக் கிடைக்கும். சரி பண்ணுனா தொண்ணூறுக்கு மேல போகும், குலுக்கல் போடுவாங்க. நீங்க உள்ள வந்தாலும் உங்களுக்கு உறுதி கிடையாது.

மூக்கம்மாள்: குலுக்கட்டும். என் பேரு உள்ள கிடந்து குலுங்கட்டும். அது போதும்.

அருண்பாண்டி: வேணும்னா... அந்த ரெண்டு காலி இடத்துல ஒண்ணுல உங்க பேரை மட்டும் நான் கையால ஏத்தி விட்டுருவேன். குலுக்கலே வராது.

மூக்கம்மாள்: எனக்கு மட்டுமா?

அருண்பாண்டி: ஒரு நிமிச வேலைதான். உங்களுக்கு வயசு முடியுதேன்னு சொல்றேன்.

மூக்கம்மாள்: நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு அதே ஜீப்புல மடியில மடி வச்சு உக்காரணும் தம்பி. மத்த பன்னெண்டு பேரு மூஞ்சியை எங்கிட்டுப் பார்த்துப் போவேன்?

அருண்பாண்டி: அதுவும் சரிதான்... ஆனா அவசரத்துல கை வச்சா இருக்குறதும் கெட்டுரும். நாளைக்கு நிதானமா...

மூக்கம்மாள்: நாளைக்குன்னா லிஸ்ட்டு போயிருக்குமே. இவ்வளவு நேரம் துப்பறியுற மாதிரி துருவித் துருவிப் பார்த்தீங்க. கண்டுபிடிச்சதும் ஏன் மூஞ்சி சுண்டிப்போச்சு?

அருண்பாண்டி: ...தண்ணி குடிக்கிறீங்களா?

மூக்கம்மாள்: நீங்க குடிங்க.

அருண்பாண்டி: ...சரி. உக்காருங்க. மொதல்ல லிஸ்ட்டை ஒரு நகல் எடுத்துக்குறேன். பழசை அழிக்கிற அந்த வரியை எடுத்தாச்சு. ஃபாரத்துக்கு ஒரு சீட்டு நம்பர்... வச்சாச்சு. இப்ப ஓரத்துல கிடக்குறதை எல்லாம் வந்த வரிசையில மறுபடி ஏத்துறேன்.

மூக்கம்மாள்: பதினாலும் வந்துருச்சா?

அருண்பாண்டி: உங்க நம்பருல பதினஞ்சு இருக்கே! பொற்கொடி ரெண்டு தடவை. ஒரே ஆளா, ரெண்டு ஆளா?

மூக்கம்மாள்: ஒரே ஆளு. வளைவுல ஜீப்பு குலுங்குனதுல ரெண்டு தடவை அமுக்கிட்டா. ஒண்ணை எடுத்துருங்க. ஆனா ஆயம்மாள் ரெண்டு இருக்கும், அது ரெண்டும் வேற வேற ஆளு. ஒருத்தி கிழக்குத் தெரு, இன்னொருத்தி காலனி.

அருண்பாண்டி: நல்லவேளை கேட்டேன், ஒண்ணை அழிச்சிருப்பேன். மத்த ஜீப்புலயும் இதே மாதிரி நாலு இடம் சந்தேகமா இருக்கு. அந்தந்த டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டுருவோம்.

மூக்கம்மாள்: கொண்டாங்க, நான் பேசுறேன். நீங்க பேசுனா கம்ப்யூட்டர் ஆபீசுன்னு பயந்து வச்சுருவாக.

அருண்பாண்டி: இந்தாங்க போன், நாலு டிரைவரு நம்பரும் இதுல இருக்கு.

மூக்கம்மாள்: ...மூணு முடிஞ்சுது, மூணும் ஒரே ஆளு ரெண்டு தடவை போட்டதுதானாம், ஒவ்வொண்ணை எடுத்துருங்க. இன்னொருத்தரு எடுக்கலை.

அருண்பாண்டி: அதை ரெண்டாவே விட்டுருவோம். ரெண்டு ஆளா இருந்து ஒருத்தரை அழிச்சுட்டா பாவம். குறிப்பு எழுதி விட்டுட்டேன். மொத்தம் தொண்ணூத்து மூணு. மணி நாலே முக்கால்.

மூக்கம்மாள்: என் பேரைக் காட்டுங்க... ம். நல்லா இருக்கு பார்க்க. சரி தம்பி, ராசிங்காபுரம் பஸ்சைப் பிடிக்கணும், வர்றேன்.

அருண்பாண்டி: அக்கா, ஒரு நிமிசம்... இதை உங்ககிட்டச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. கடைசியா மிஞ்சியிருந்த பேரு சுப்புத்தாய். எங்க அக்கா. உங்க ஊருலதான் கட்டிக் கொடுத்திருக்கு. அது மலையேறிச் சம்பாதிச்சுத்தான் நான் படிச்சேன். இன்னும் ஒண்ணே முக்கால் மணி நேரம் நான் சும்மா இருந்திருந்தா அதுக்கு இடம் உறுதி... அதான் நாளைக்குன்னு இழுத்தேன். இனி அது மூஞ்சியில எப்படி முழிப்பேன்னு தெரியலை.

மூக்கம்மாள்: நல்லா முழி. நேத்துச் சாயங்காலம் மலைச்சாமி அண்ணன் போன்ல உங்க ஃபாரத்தைத் திறந்து நம்பரைப் போட்டுப் பார்த்து, "என் பேரு மட்டுந்தாண்டி நிக்குது, உங்களையெல்லாம் காணோம்"னு சொன்னதே அவதான். "நான் போனா என் மூஞ்சியைப் பார்த்துட்டு என் தம்பி சரி பண்ண மாட்டான், நீ போ, யாருன்னு சொல்லாத"ன்னு என்னைய அனுப்பிவிட்டுட்டு, இன்னைக்கு என் பங்குக் காயையும் சேர்த்து அவ ஒருத்தியே பறிச்சுக்கிட்டு நிக்கிறா.