ஈசான மூலையில் இறங்கிய மழை

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் மூன்று வீடு கட்டி, மூன்றிலும் மாடித் தண்ணீரை ஒரு சொட்டு தேங்காமல் தெருவுக்கு அனுப்பியவன். அதனால்தான் ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பேசியதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"புது வீட்டு பூஜை ரூம்ல மீன் வளர்க்கலாங்க. கணுக்கால் தண்ணி நிக்குது."

கணவர் குரலைத் தாழ்த்தினார். "மாடித் தண்ணி ஈசான மூலைலதான் எறங்கணும்னு வாஸ்துக்காரர் சொன்னாரும்மா."

"எறங்கிச்சே! தெரு முன்னாடி இருக்குது, பைப்பு பின்னாடி இருக்குது. அங்க ரெண்டு பக்கமும் காம்பவுண்டு சுவரு. தண்ணி எங்க போவும்? பூஜை ரூமும் அதே மூலை. உள்ள பூந்து ஹால் வரைக்கும் வந்துடுச்சி."

"மேஸ்திரியாவது சொல்லி இருக்கலாம்."

"சொன்னாரே. நீ இன்னா பெரிய இஞ்சினியரான்னு வெரட்டுனது யாரு?"

"வாஸ்துக்காரருக்கு போன் போட்டேன். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா ஐஸ்வர்யமாம்."

"காலைல நான்தான் ஐஸ்வர்யத்தை வாளி வாளியா வெளிய ஊத்துனேன். நாளன்னிக்கு கிரகப்பிரவேசம். அன்னிக்கும் மழையாம்."

"சாமி படத்தையெல்லாம் மேல மாட்டிடலாம்."

"மாட்டலாம். ஹோம குண்டத்தை எங்க மாட்டுறது?"