மெத்தை தேடியவர்களுக்கு நான் செய்தது

அந்தக் கட்டிலில் உட்கார வேண்டாம். அதன் மெத்தை கொஞ்சம் பள்ளம் விழுந்திருக்கிறது. இந்த நாற்காலி வசதியாக இருக்கும்.

விளம்பரக் கணக்கைச் சோதிக்க உங்களை வரவழைத்தவர் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இந்த மெத்தைக் கடையின் முதலாளி. கடைக்கு ஏன் ஈ காக்கைகூட வருவதில்லை என்று கண்டுபிடிக்கச் சொன்னாராம். நீங்கள் மெனக்கெட வேண்டாம். காரணம் நான்தான்.

இணைய விளம்பரத்தை ஒப்படைத்த அன்று அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மாப்ளே, ஒவ்வொரு க்ளிக்குக்கும் காசு போகுது. வாங்காதவன் கண்ணுல நம்ம விளம்பரமே படக்கூடாது." அதற்கென்றே இருப்பதுதான் நெகட்டிவ் கீவேர்ட். நாம் தடுத்து வைத்த சொல்லைப் போட்டுத் தேடுகிறவருக்கு நம் விளம்பரம் வராது. 'இலவசம்' என்ற சொல்லைத் தடுத்தேன். பிறகு 'பழைய'. பிறகு 'மூட்டைப்பூச்சி'. வீண் செலவு பாதியாகக் குறைந்தது. அத்தான் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா அக்கம்பக்கத்தில் என் பெருமை பேசினாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அதன்பின் வாங்க வருகிறவர்களையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு முதுகுவலிக்காரர் எல்லா மெத்தையிலும் படுத்துப் புரண்டுவிட்டு, தரையே தேவலை என்று போய்விட்டார். 'முதுகுவலி'யைத் தடுத்தேன். புதிதாகக் கல்யாணமான இருவர் யாருக்கு எந்தப் பக்கம் என்று சண்டை பிடித்து ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறினார்கள். 'கல்யாணம்' போயிற்று. 'விலை' என்று தேடுகிறவர் பேரம் பேசுவார். 'நல்ல' என்று தேடுகிறவர் குறை சொல்வார். 'அருகில்' என்று தேடுகிறவர் அருகிலேயே இருப்பதால் நாளைக்கே மெத்தையைத் திருப்பிக் கொண்டுவருவார். 'தூக்கம் வரவில்லை' என்று தேடுகிறவருக்கு வேண்டியது மாத்திரை.

கடைசியில் மிஞ்சியது 'மெத்தை'. ஆற அமர யோசித்துத்தான் செய்தேன். மெத்தை என்று தேடுகிறவர் ஊரிலுள்ள கடையெல்லாம் பார்ப்பார். அவரை நம்பி எப்படிச் செலவு செய்வது? அதையும் தடுத்தேன். அன்றிலிருந்து வீண் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிக்கையைத் திறந்து பாருங்கள், அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

அத்தான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெலிவரி வண்டியை விற்றார். வண்டியின் டிரைவர் சொல்லிக்கொண்டு போக வந்தபோது அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"விடுங்க அத்தான். வர்றவங்க எல்லாம் சும்மா பாத்துட்டுப் போறவங்கதான்" என்றேன்.

"யாருமே வரலையேடா" என்றார்.

விளம்பரத் தொழில் அவருக்குப் பிடிபடவே இல்லை. கடையை மூடிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டாராம். அந்தக் கவலையில் உறக்கம் போய், படுத்தபடியே போனில் 'தூக்கம் வரவில்லை' என்று தேடியிருக்கிறார். ஊரிலுள்ள மெத்தைக் கடைகள் எல்லாம் வந்து நின்றன. அவர் கடை மட்டும் வரவில்லை. மறுநாளே உங்களுக்குப் போன் போட்டுவிட்டார். வாங்குகிற எண்ணமில்லாமல் தேடியவர் அவர். அவருக்கு விளம்பரம் போகாததுதான் என் வேலையின் வெற்றி. அதை எடுத்துச் சொன்னால் அக்கா சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கிற சத்தமே வேறாக இருக்கிறது.

கடைக்கு நான் கெடுதல் நினைக்கவே இல்லை. மதியம் சாப்பிட்டதும் அந்தப் பள்ளம் விழுந்த மெத்தையில் எனக்குக் கொஞ்சம் கண்ணசரும். முன்பெல்லாம் அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது கதவைத் திறந்துகொண்டு வருவார்கள், கதவில் கட்டிய மணியும் அடிக்கும். ஆனால் அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. செய்ததெல்லாம் அத்தானுக்காகத்தான்.

எழுதிக்கொண்டீர்களா? போகும்போது கதவை மெதுவாகச் சாத்துங்கள். மணி அடிக்க வேண்டாம்.