முழிச்ச காத்து

— ஓடி வந்தவ நெஞ்சுல என்ன இருக்கப்போகுது, தம்பி? படம் எடுத்துப் பாருங்க. துடைச்சு வச்ச மாதிரி இருக்கும்.

— அண்ணி, ஸ்கேன் எடுக்கிற தம்பி முன்னாடி வேணாமே.

— ஏன், அவரும் தெரிஞ்சுக்கட்டும். சில வருஷத்துக்கு முன்னாடி பெயிண்ட் கிடங்குல தீப்பிடிச்சப்ப உள்ள வேலையில இருந்தது ரெண்டு பேரு. என் வீட்டுக்காரரு ஒருத்தர், அவரோட தங்கச்சி இவ ஒருத்தி. இவ வந்துட்டா. அவரு வரல.

— அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அக்கா, இந்தப் பையைப் பாருங்க. இதுல செனான்னு ஒரு வாயு இருக்கு. ஒரே இழுப்பு, அவ்ளோதான். ஊசி கூட கிடையாது.

— பை காலியா இருக்கிற மாதிரி இருக்கே, தம்பி.

— காத்துன்னா அப்படித்தான்க்கா. சும்மா இருந்தா இந்த மெஷினுக்கும் தெரியாது. பக்கத்து ரூம்ல லேசர் வெளிச்சத்தை வச்சு அதோட அணுக்களை ஒரே பக்கமா திருப்பி வச்சிருக்கோம். புத்தகத்துல ஹைப்பர்போலரைசேஷன்னு நீளமா ஒரு பேரு. நாங்க முழிச்ச காத்துன்னு சொல்லுவோம். குரூப் போட்டோவுக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி, கொஞ்ச நேரந்தான் ஒழுங்கா நிக்கும். நெஞ்சுக்குள்ள ஆக்ஸிஜன் பட்டா மறுபடி தூங்கிரும். அதுக்குள்ள நான் பிடிச்சாகணும்.

— முழிச்சு என்னத்தைக் காட்டுமாம்?

— மூச்சு போற இடமெல்லாம் வெளிச்சமா தெரியும்மா. போகாத இடம் கறுப்பு.

— எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே சொல்லிட்டாங்க. படியேறினா மூச்சு வாங்குதாம் இவளுக்கு. எல்லாம் நடிப்பு.

— எக்ஸ்ரே நுரையீரலைத்தான் காட்டும். இது மூச்சையே காட்டும், அவ்ளோதான் வித்தியாசம். அக்கா, நீங்க உள்ள போய்ப் படுங்க, நர்ஸ் பையைக் குடுப்பாங்க. அம்மா, நீங்க என்கூட கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வாங்க. இந்த மைக் பட்டனை அமுக்கினாத்தான் நாம பேசுறது அவங்களுக்குக் கேக்கும். அவங்க பேசுறது எப்பவும் நமக்குக் கேக்கும்.

— தம்பி, நெஞ்சு சுத்தமா இருந்தா, புகை கிளம்பினதுமே இவ ஓடியாந்துட்டான்னுதானே அர்த்தம்?

— அதெல்லாம் டாக்டரைக் கேளுங்க. நான் வெறும் போட்டோக்காரன்.

— அண்ணனைக் காப்பாத்தப் போராடினாளாம், எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடுறாங்க. இவ வெளிய வந்து உக்காந்த பிறகு, அவரு நம்பர்ல இருந்து எனக்குப் போன் வந்துச்சு தம்பி. புகையில கட்டிப்போன குரல். ‘நீங்களா’ன்னேன். ‘ம், நான்தான். கோவம் இல்ல. வந்துருவேன்’னாரு. கட்டாயிருச்சு. உசுரோட இருந்த மனுஷனை உள்ள விட்டுட்டு வந்திருக்கா.

— இருங்கம்மா, பட்டனை அமுக்குறேன். அக்கா, மெதுவா மூச்சை வெளிய விடுங்க. இப்ப பையில இருக்கிறதை இழுங்க. இழுங்க, இழுங்க, மிச்சம் வைக்காதீங்க. பிடிங்க. அப்படியே… அப்படியே… அவ்ளோதான், விட்டுருங்க. அக்கா, ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சே, நீங்களா?

— ம், நான்தான். கை பட்டுருச்சு.

— யாரு அது? தம்பி, உள்ள யாரு பேசுறது?

— ஐயோ, உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டே சொல்ல மறந்துட்டேன். செனான் கனமான வாயும்மா. உள்ள போனா குரல் தடிச்சு ஆம்பளை குரலாயிரும். ரெண்டு மூணு மூச்சுல சரியாயிரும். பேயெல்லாம் இல்ல.

— அந்த மைக்கை இங்க குடுங்க. ஏய். இன்னொரு தடவை சொல்லு.

— எதை, அண்ணி?

— நீங்களா?

— அண்ணி…

— குரல் மாறிக்கிட்டே வருது, சீக்கிரம் சொல்லுடி. நீங்களா?

— நான்தான்.

— அன்னைக்கும் நீதானா?

— ம்.

— அவரு போன் உங்கிட்ட எப்படி வந்துச்சு?

— அண்ணன் சட்டைப் பையில இருந்து எடுத்தேன். அவரு சூப்பர்வைசர், அவரு போன் மட்டும் உள்ள இருக்கும். எங்க போனை வேலைக்குப் போறப்பவே வாசல்ல வாங்கி வச்சிருவாங்களே. அண்ணனுக்கு மூச்சு அடங்கிருச்சு, அண்ணி. மடியில போட்டுக்கிட்டு அங்கயே கிடந்தேன். அப்புறந்தான் தவழ்ந்து வந்தேன். உங்களுக்குச் சொல்லத்தான் போன் போட்டேன். தொண்டை வெந்து போய் என் குரல் எனக்கே தெரியல. நீங்க எடுத்ததும் ‘நீங்களா’ன்னீங்க. என்னை எப்பவாவது நீங்கன்னு கூப்பிட்டிருக்கீங்களா? அவ்வளவு ஆசையா கேட்டீங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல.

— உசுரோட விட்டுட்டு வந்தவன்னு இத்தனை வருஷம் கரிச்சுக் கொட்டினேனே. அப்பவாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— சொன்னா உங்களுக்கு அந்தப் போனும் இல்லாம போயிருமே.

— அம்மா, படம் வந்துருச்சு. பாக்குறீங்களா?

— என்ன தம்பி, பாதிக்கு மேல கறுப்பா இருக்கு? சரியா விழலையா?

— சரியாத்தான் விழுந்திருக்கு. டாக்டர்தான் சொல்லணும். ஆனா, சட்டுன்னு ஓடியாந்தவங்க நெஞ்சு மாதிரி எனக்குத் தெரியலம்மா.

— கூடவே கிடந்திருக்கா.

— அண்ணி? ஏதாவது பேசுங்க. திட்டவாவது செய்ங்க.

— அன்னைக்குப் போன்ல கோவம் இல்லன்னியே. அவரு கோவமா இருந்தாருன்னு உனக்கு யாரு சொன்னது?

— யாரும் சொல்லல. அன்னைக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. வீட்டுல ஏதோ சண்டைன்னு நானா நினைச்சேன்.

— மழைக்கோட்டைக் காணோம்னு ஒரு சண்டை. ‘போறவரு அப்படியே போயிருங்க, திரும்பி வராதீங்க’ன்னு சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்போ அதுதான் நாங்க கடைசியா பேசிக்கிட்டது. இல்ல?

— அண்ணி, அழாதீங்க. தம்பி, முடிஞ்சதுல்ல? நான் எழுந்திரிக்கவா?

— எழுந்திரிங்கக்கா. படம் ஆடிப்போனா வேணுமேன்னு இன்னொரு பை வச்சிருந்தோம். இனி அது தேவையில்ல.

— எழுந்திரிக்காதே. தம்பி, அந்தப் பையையும் அவகிட்ட குடுக்கச் சொல்லுங்க. படமெல்லாம் வேணாம். அவரு பேசட்டும்.