தோண்ட வேண்டாத சத்தம்

பியர் ரின்னைத் திறக்கிற வளையத்துக்கும் தங்கத்துக்கும், மண்ணுக்குள் உலோகம் தேடுகிற கருவி ஏறக்குறைய ஒரே சத்தத்தைத்தான் போடும். புதிதாகக் காசு தேடப் பழகுகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலையிடி. பழைய வெள்ளிக்காசு என்றால் சத்தம் மேலே ஏறிச் சுத்தமாக நிற்கும். துருப்பிடித்த ஆணி கரகரக்கும். நடுவில் வருவதுதான் ஆளை ஏமாற்றும்.

தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்க வந்தவர், நான் சொல்வதை இந்தப் பொலிஸ்காரருக்கு அப்படியே சொல்லுங்கள். நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அது என் மனைவி அஜந்தாவின் தாலிக்கொடி பற்றியது.

மேர்வினுக்குச் சத்தம் பிடிக்கப் பழக்கியவன் நான். லண்டன் எட்மண்டனில் எங்கள் தெருக்காரன், பஸ் ஓட்டுகிறவன், என் கலியாணத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டவன். என்பீல்டுக்கு அப்பால் குதிரை மேயும் வயலில் பழங்காசு தேட அனுமதி கிடைத்திருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் நான் கருவியே வாங்கினேன். அந்த வயலுக்கு வேலி அடித்தவன் நான். அங்கே அவனைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தோட்டத்தில் காசும் ஆணியும் புதைத்து, அவனுக்கு முந்தியே நான் பழகினேன்.

“நடுச்சத்தம் வந்தா விட்டிட்டு வா. குப்பை,” என்பேன். அவன் நம்பவேண்டும் என்பதற்காக வேலியோர மூலையில் பியர் வளையங்களைக் கைநிறைய எறிந்து மிதித்தும் வைத்தேன். எங்களோடு காசு தேட வந்த மற்றவர்கள் கொஞ்சம் தோண்டிப் பார்த்துச் சலித்துப்போனார்கள். மேர்வின் சலிக்கிற ஆள் இல்லை.

“அண்ணை, கருவியை எந்தப் பக்கத்தால ஆட்டினாலும் வளையம் ஒரே மாதிரித்தான் கத்துது. இதின்ர சத்தம் இழுபடுது. ஒருக்காக் கிண்டிப் பாக்கட்டே?”

“வேண்டாம். மழை வருது, வா போவம்.”

“கொஞ்சம் பொறுங்கோ.”

சங்கிலி எவ்வளவு பாரமென்றாலும் கருவி அதை முழுதாகக் கேட்காது, கண்ணி கண்ணியாகத்தான் கேட்கும். அதனால்தான் இழுபட்டது. அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனாகவே பிடித்துவிட்டான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளைக்காரன் எடுத்திருந்தால் மியூசியத்துக்கு அறிவித்திருப்பான். மேர்வின் மண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அண்ணை, இது தாலிக்கொடியெல்லே?”

“ஓம்,” என்றேன்.

கொடி முழுதாக வரவில்லை. கீழே ஏதோ பிடித்திருந்தது. அது என்னவென்று கண்டதும் அவன் சிலுவை போட்டுக்கொண்டு ஃபோனை எடுத்தான். நான் தடுக்கவில்லை.

அஜந்தா நகையோடு ஓடிவிட்டாள் என்றுதான் எட்மண்டன் முழுக்கக் கதை. அது பொய். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. கள்ளருக்குப் பயந்து அலுமாரியில் பூட்டி, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் போடுகிற கொடியைக் கொண்டுவந்து என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது உங்கட சாமான். நான் சட்டனில இருக்கிற என்ர தங்கச்சியிட்டப் போறன். இனியும் அடி வாங்க என்னால ஏலாது.”

அடித்தது உண்மை. அதை விடுங்கள். தாலியை மேசையில் வைக்கத் துணிந்தவளுக்கு முன்னால் எந்தப் புருஷன் கை கட்டி நிற்பான்? கழுத்தைப் பிடித்தேன். அவள் அடங்கிய பிறகுதான் விட்டேன். பிறகு கொடியை எடுத்து அதே கழுத்தில் பூட்டி, அவளை அந்த வேலியோர மூலையில் புதைத்தேன். கழற்றி விற்றிருந்தால் மேர்வினின் கருவிக்கு ஒன்றுமே கேட்டிருக்காது, நானும் இங்கே இருந்திருக்கமாட்டேன். அது எனக்குத் தெரியாததல்ல. பூட்டினவன் உயிரோடு இருக்கும்போது தாலியைக் கழற்றுகிற பழக்கம் எங்களிடம் இல்லை.

இப்போது அவளுடைய தங்கை, எரிக்கும்போது அந்தக் கொடி அக்காவில் படக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அதைச் சொல்ல அவள் யார்? சாட்சிப் பையிலிருந்து எடுத்து அஜந்தாவுக்குப் போட்டுத்தான் எரிக்கவேண்டும். தாலியை நெக்லஸ் என்று சொல்லாதீர்கள், இவருக்கு விளங்காது. ஏன் தங்கச்சி நிறுத்திவிட்டீர்கள்? சொல்லுங்கள். புருஷன் நான் உயிரோடு இருக்கிறேன். அவளை வெறுங்கழுத்தோடு அனுப்ப விடமாட்டேன்.